நெல் விளைவிப்பவர் ஏன் அரிசி வாங்குகிறார்?

அரிசி விலை ஏறினால் நெல் விவசாயிக்கு லாபம் என்றுதான் பொதுவாக எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நெல் பயிரிடும் கோடிக்கணக்கான குடும்பங்களில் ஏராளமானவற்றுக்கு இது பொருந்தாது. விலை ஏறும்போது அவர்களுடைய வீட்டுச் செலவும் சேர்ந்து ஏறுகிறது. ஏனென்றால், நெல் விளைவித்த அதே குடும்பம் வருடத்தில் சில மாதங்கள் அரிசியைக் காசு கொடுத்து வாங்குகிறது. இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், வளரும் நாடுகளின் நெல் பொருளாதாரத்தில் குழப்பமாகத் தோன்றும் பல விஷயங்கள் பிடிபடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. நடைமுறைக்கு ரொம்பத் தள்ளியும் இல்லை. ஒரு குடும்பம் அரை ஹெக்டேரில், அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கரில், ஒரு போகம் நெல் போடுகிறது. ஹெக்டேருக்கு 4 டன் விளைகிறது என்றால் களத்துக்கு வருவது 2 டன். நிலம் சொந்தமில்லை, விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு குத்தகை. 670 கிலோ அங்கே போய்விடும். உரம், பூச்சிமருந்து, உழவு வாடகை, அறுப்புக் கூலி எல்லாவற்றையும் நெல்லாக மாற்றிப் பார்த்தால் இன்னொரு 500 கிலோ. அடுத்த விதைப்புக்கு விதைநெல் 50 கிலோ. மிச்சம் 780 கிலோ நெல்.

நெல்லை அரைத்தால் மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாகும், மீதி உமியும் தவிடும். 780 கிலோ நெல்லில் 500 கிலோ அரிசி கிடைத்தால் நல்லது. மூன்று வேளையும் சோறே பிரதானமாக உள்ள நாடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 150 கிலோ அரிசி என்பது சாதாரணம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 750 கிலோ வேண்டும். ஆக, உழைத்து விளைவித்த பிறகும் 250 கிலோ அரிசி வெளியில் வாங்க வேண்டியிருக்கிறது.

இதே கணக்கை, சொந்தமாக 2 ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பத்துக்குப் போடுங்கள். 8 டன் விளைச்சல், செலவும் விதையும் போக 5.8 டன், சாப்பாட்டுக்கு ஒன்றேகால் டன் எடுத்து வைத்தாலும் நாலரை டன் நெல் விற்பனைக்குப் போகிறது. விலை பத்து சதவீதம் கூடினால் இந்த வீட்டுக்கு நல்ல வரவு. முதல் வீட்டுக்கோ கூடுதல் செலவு. இருவரும் விவசாயிகள், ஒரே பயிர், பக்கத்துப் பக்கத்து வயல்கள். விற்பதைவிட அதிகமாக வாங்கும் குடும்பத்தை நிகர வாங்குபவர் என்றும், வாங்குவதைவிட அதிகமாக விற்கும் குடும்பத்தை நிகர விற்பவர் என்றும் பொருளாதாரத்தில் பிரித்துச் சொல்வார்கள். நெல் விவசாயத்தைப் பற்றி ஒரே ஒரு கருத்தை மட்டும்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

2015-ல் பொருளாதார நோபல் பெற்ற ஆங்கஸ் டீட்டன், 1980களில் தாய்லாந்தின் குடும்பக் கணக்குகளை வைத்து இதை ஆராய்ந்தார். அரிசி விலை கூடும்போது கிராமப்புறத்தில் அதிகம் பயனடைந்தது நடுத்தர வசதியுள்ள குடும்பங்கள் என்று அவர் காட்டினார். தாய்லாந்தில் நிலத்துண்டுகள் ஓரளவு பெரியவை, விற்பனைக்கு மிஞ்சும் நெல்லும் அதிகம். அதனால் அங்கே பலன் பரவலாகவே போய்ச் சேர்ந்தது. நிலமற்ற கூலிகளும் துண்டு நிலக்காரர்களும் மிகுந்த வங்காளதேசம் போன்ற நாட்டில் அதே விலை உயர்வு பலருடைய சோற்றுத் தட்டில் கைவைக்கும்.

அறுவடை மாதமும் பஞ்ச மாதமும்

மேலே போட்ட கணக்கு, விலை வருடம் முழுவதும் ஒன்றாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்டது. நிஜத்தில் அறுவடையின்போது எல்லாக் களத்திலும் ஒரே சமயத்தில் நெல் குவிகிறது, விலை இறங்குகிறது. அடுத்த அறுவடைக்கு முந்தைய மாதங்களில் கையிருப்பு தீர்ந்து விலை ஏறுகிறது. சிறு விவசாயி மலிவான மாதத்தில் விற்று, விலையேறிய மாதத்தில் வாங்குகிறார். அவருக்கு விவரம் தெரியாமல் நடப்பதல்ல இது. இன்னும் நாலு மாதத்தில் விலை ஏறும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். காத்திருக்கத்தான் முடியவில்லை.

ஏன் முடியவில்லை? முதல் காரணம் கடன். உரக்கடைக்கும் வட்டிக்குக் கொடுத்தவருக்கும் அறுவடை முடிந்ததும் பணம் கட்டியாக வேண்டும். பல இடங்களில் கடன் கொடுத்தவரே நெல் வியாபாரியாகவும் இருப்பார். நெல்லை அவரிடமே போட வேண்டும் என்பது பேச்சு. இரண்டாவது ஈரம். அறுத்த நெல்லில் 20 முதல் 25 சதவீதம் ஈரப்பதம் இருக்கும். பத்திரமாகச் சேமிக்க அது 14 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். காயவைக்கக் களமோ உலர்த்தும் இயந்திரமோ இல்லாவிட்டால், அதுவும் அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால், நெல் சூடேறி நிறம் மாறும், முளைவிடும். ஈர நெல்லை வைத்துக்கொண்டு யாராலும் பேரம் பேச முடியாது. சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

எல்லாப் பழியையும் இடைத்தரகர் தலையில் போடுவது சுலபம். ஆனால் அவர் வேலையையும் பார்க்க வேண்டும். ஊர் ஊராக நாலு மூட்டை, பத்து மூட்டை என்று சேர்க்கிறார், வண்டி பிடிக்கிறார், ஈரத்தின் எடை இழப்பை ஏற்கிறார், மில்லுக்காரர் பணம் தரும்வரை தன் காசை முடக்குகிறார். இந்தச் சேவைக்கு ஒரு விலை உண்டு, அது நியாயம். ஒரு ஊருக்கு ஒரே வியாபாரி, மோசமான ரோடு, பக்கத்துச் சந்தை விலை தெரிய வழியில்லை என்னும்போதுதான் அது சுரண்டலாகிறது. ஐந்து வியாபாரிகள் வந்து போகும் ஊரில் அதே தொழிலின் லாபம் தானாகவே சுருங்கும். விவசாயிகளுக்கு உதவ நினைக்கும் அரசு வியாபாரிகளை விரட்டுவதைவிட நல்ல சாலை போட்டு இன்னும் நாலு வியாபாரிகளை வரவைப்பது மேல் என்பது என் எண்ணம்.

காத்திருக்கும் சக்தியை விவசாயிக்குக் கொடுக்க மடகாஸ்கரில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. கிராமத்துப் பொதுக் களஞ்சியத்தில் விவசாயிகள் தங்கள் நெல்லை இருப்பு வைக்கிறார்கள். அந்த நெல்லையே அடமானமாகக் கொண்டு சிறுகடன் நிறுவனம் அவர்களுக்கு உடனே பணம் கொடுக்கிறது. அவசரக் கடன் அடைகிறது, நெல் கைவிட்டுப் போகவில்லை. விலை ஏறிய மாதத்தில் கடனைக் கட்டி நெல்லை எடுத்து விற்கலாம், அல்லது சாப்பிடலாம். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் பூச்சியும் எலியும் வராத கிட்டங்கி, ஒருவரையொருவர் நம்பும் கிராமக் குழு, விலை ஏற்றத்தைவிடக் குறைவான வட்டி ஆகிய மூன்றும் அமைந்தால்தான் நிற்கும். ஏதோ ஒரு வருடம் விலை ஏறாமலே போய்விட்டால் நஷ்டமும் வரும்.

நஷ்டத்தில் ஏன் பயிர் செய்கிறார்கள்?

இந்தக் கேள்வி அடிக்கடி என் காதில் விழுகிறது. பதில், செலவு என்று எதைச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது. இந்தியாவில் வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் செலவைப் பல அடுக்காகக் கணக்கிடுகிறது. விதை, உரம், கூலி, வாடகை என்று கையிலிருந்து கொடுத்த செலவு முதல் அடுக்கு; அதன் பெயர் ஏ2. வீட்டாட்கள் கூலி வாங்காமல் செய்த வேலைக்கும் ஒரு மதிப்புப் போட்டுச் சேர்த்தால் அடுத்த அடுக்கு. சொந்த நிலத்துக்கு வாடகை, சொந்த முதலுக்கு வட்டி என்று அவற்றுக்கும் மதிப்புப் போட்டால் கிடைப்பது சி2. முதல் அடுக்கில் லாபமாகத் தெரியும் அதே பயிர் சி2 கணக்கில் நஷ்டமாகிவிடலாம். இந்திய அரசு வீட்டு உழைப்பு வரையிலான செலவுக்கு மேல் 50 சதவீதம் வைத்து ஆதார விலை தருவதாகச் சொல்கிறது. விவசாயச் சங்கங்கள் சி2-க்கு மேல் 50 சதவீதம் கேட்கின்றன. பல ஆண்டுகளாக நடக்கும் சண்டையின் மையமே இந்த அடுக்கு வித்தியாசம்தான்.

இப்போது அந்தக் குடும்பத்தின் இடத்தில் நின்று பாருங்கள். வீட்டாட்கள் வயலில் இறங்காவிட்டால் அந்த நாட்களில் வெளியே வேலை கிடைக்குமா? பல ஊர்களில் கிடைக்காது. அப்படியானால் அந்த உழைப்புக்குச் சந்தைக் கூலியை மதிப்பாகப் போடுவது தாளில் மட்டும்தான் சரி. இன்னொன்றும் உண்டு. களத்தில் விற்கும் நெல்லுக்கும் கடையில் வாங்கும் அரிசிக்கும் நடுவே போக்குவரத்து, அரவை, வியாபாரி லாபம் என்று பெரிய இடைவெளி இருக்கிறது. தான் விளைவித்ததைத் தானே சாப்பிடும் குடும்பம் அந்த இடைவெளியைக் கொடுக்காமல் தப்பிக்கிறது. அதாவது, சாப்பாட்டுக்கு எடுத்துவைக்கும் ஒவ்வொரு கிலோவும் அவர்களுக்கு விற்கும் விலையில் மதிப்பில்லை, வாங்கும் விலையில் மதிப்பு. காய்கறியோ பணப்பயிரோ போட்டால் வருமானம் கூடும் என்று சொல்லும் ஆலோசகர்கள் இதைக் கவனிப்பதில்லை. கத்தரிக்காய் விலை விழுந்த வருடத்தில் கத்தரிக்காயைச் சாப்பிட்டே காலம் தள்ள முடியாது. நெல்லை வைத்துத் தள்ளலாம். அவர்கள் செய்வது வெறும் பழக்கதோஷம் அல்ல, நல்ல கணக்கு.

நிலம் யாருடையது?

முதல் கணக்கில் குத்தகை மட்டும் இல்லையென்றால் அந்தக் குடும்பத்துக்கு அரிசிப் பற்றாக்குறையே இருக்காது. அவ்வளவு முக்கியமானது நிலம். வாரத்துக்கு விடுவது, அதாவது விளைச்சலைப் பங்கு பிரிப்பது, ஆசியாவில் பல நூற்றாண்டு வழக்கம். பாதி விளைச்சல் நிலக்காரருக்கு என்றால், கூடுதலாகப் போடும் உழைப்பின் பலனில் பாதி கையைவிட்டுப் போகிறது. ஆகவே உழைப்பவர் முழு முயற்சி போட மாட்டார் என்று பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாதிட்டார். பிறகு ஏன் இந்த முறை இவ்வளவு காலம் நிலைக்கிறது? 1970களில் இன்னொரு பொருளாதார அறிஞர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் விளக்கம் தந்தார். பயிர் போனால் நிலக்காரரும் நஷ்டத்தில் பாதியைச் சுமக்கிறார். நிலையான குத்தகை என்றால் வெள்ளம் வந்தாலும் கட்டியாக வேண்டும். காப்பீடு இல்லாத இடத்தில் வாரமே ஒருவகைக் காப்பீடு.

ஆனாலும் பங்கு மாறினால் விளைச்சல் மாறத்தான் செய்கிறது. மேற்கு வங்கத்தில் 1978-ல் தொடங்கிய பர்கா திட்டம் வாரதாரர்களின் பெயரைப் பதிவு செய்து, அவர்களை வெளியேற்ற முடியாதபடி பாதுகாத்தது. இடுபொருள் செலவை அவர்களே செய்தால் முக்கால் பங்கு அவர்களுக்கு என்று சட்டம் இருந்தது. பின்னாளில் ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, பால் கெர்ட்லர், மைத்ரீஷ் கடக் ஆகியோர் இதனால் உற்பத்தித்திறன் உயர்ந்தது என்று கண்டார்கள். வியட்நாம் இன்னும் பெரிய சான்று. கூட்டுப் பண்ணைகளில் நெல் விளைவித்துப் பற்றாக்குறையில் தவித்த அந்த நாடு, 1988-ல் 10-ஆம் தீர்மானத்தின் மூலம் நிலத்தைக் குடும்பங்களிடம் நீண்டகால உரிமையோடு ஒப்படைத்தது. அடுத்த ஆண்டே பெருமளவு அரிசி ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. சந்தை விலை, வியாபார விதிகள் என்று வேறு சீர்திருத்தங்களும் கூடவே நடந்தன. எல்லாப் பெருமையும் நிலத்துக்கே என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அதே மண்ணில் அதே மக்கள் செய்த சாதனை அது.

விளைச்சல் கூடினால் யாருக்கு லாபம்?

பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் 1960-ல் தொடங்கப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் ஐஆர்8 ரகத்தை வெளியிட்டது. குட்டையான தண்டு, உரம் போட்டாலும் சாயாது, சீக்கிரம் அறுக்கலாம். பல இடங்களில் விளைச்சல் இரு மடங்கானது. முதலில் பயிரிட்டவர்களுக்கு நல்ல லாபம், ஏனென்றால் சந்தையில் இன்னும் பழைய விலை. எல்லோரும் பயிரிட்டதும் வரத்து கூடி விலை இறங்கியது. அரிசி விலை குறைந்தது என்பதற்காக ஒரு ஆள் இரண்டு மடங்கு சாப்பிட மாட்டார், அதனால் கொஞ்சம் வரத்து கூடினாலும் விலை நிறையவே விழும். கடைசியில் பெரும்பலன் வாங்கிச் சாப்பிடுபவர்களுக்குப் போனது. நம் முதல் குடும்பம் போன்ற நிகர வாங்குபவர்களும் அதில் அடக்கம் என்பதை மறக்கக் கூடாது. பாசனம் இல்லாத மேட்டு நிலக்காரர்கள்தான் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்: புதிய ரகம் அவர்களுக்குப் பயன்படவில்லை, இறங்கிய விலை மட்டும் வந்து சேர்ந்தது.

கூலிகளின் கதை இன்னும் நுணுக்கமானது. பிலிப்பைன்ஸின் லகுனா மாகாணத்தில் அறுப்புக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், அறுத்ததில் ஆறில் ஒரு பங்கு கூலி என்பது வழக்கம். விளைச்சல் ஏறியதும் அந்த ஆறில் ஒரு பங்கு ஊர்க் கூலியைவிட மிக அதிகமாகிவிட்டது. விவசாயிகள் பங்கைக் குறைக்கவில்லை. முன்னதாகக் கூலி வாங்காமல் களையெடுத்தவர்களுக்கு மட்டுமே அறுப்பு உரிமை என்று மாற்றினார்கள். பெயரளவில் அதே ஆறில் ஒன்று, ஆனால் வேலை இரண்டு. ஜப்பானியப் பொருளாதார அறிஞர்கள் யூஜிரோ ஹயாமியும் மசாவோ கிகுச்சியும் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். வழக்கம் மாறாததுபோல் இருக்க, கூலி சத்தமில்லாமல் சந்தை அளவுக்கு இறங்கியது. ஆள் மிகுந்த ஊரில் விளைச்சலின் பலன் உழைப்பவருக்குத் தானாக வந்துவிடாது.

அரசு கை வைக்கும் இடம்

அரிசி விலையை எந்த அரசும் சும்மா விடுவதில்லை. நாடு ஏழையாக இருக்கும் வரை நகரத்து மக்களுக்கு மலிவு அரிசி வேண்டும் என்று விவசாயியை அமுக்குவார்கள். வளர வளர விவசாயிக்கு அள்ளிக் கொடுப்பார்கள். இரண்டையும் செய்த நாடு தாய்லாந்து. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பல பத்தாண்டுகள் அரிசி ஏற்றுமதிக்கு வரி போட்டு உள்நாட்டு விலையைத் தாழ்த்தி வைத்திருந்தது. 1986-ல்தான் அது முடிந்தது. 2011-ல் யிங்லக் ஷினவத்ரா அரசு சாதாரண நெல்லையே டன்னுக்கு 15,000 பாட் (தாய்லாந்து நாணயம்) கொடுத்து வாங்கியது. சந்தை விலையைவிட இது மிக அதிகம். அரசே நெல்லைப் பதுக்கினால் உலக விலை ஏறும் என்று எதிர்பார்த்தார்கள். அதே சமயம் இந்தியா ஏற்றுமதியைத் திறந்துவிட்டது, விலை ஏறவில்லை, முதலிட ஏற்றுமதியாளர் என்ற பெயர் 2012-ல் இந்தியாவிடம் போனது. கிட்டங்கிகளில் நெல் தேங்கியது, 2014-ன் தொடக்கத்தில் விவசாயிகளுக்கே பணம் பாக்கி. அதிக நெல் விற்றவருக்கு அதிகப் பணம் என்பதுதான் இத்தகைய திட்டங்களின் இயல்பு. ஆகவே பலன் பெரிய நிலக்காரர்களை நோக்கியே ஓடுகிறது. பரம ஏழையிடம் விற்க நெல்லே இருக்காது.

இன்னொரு சிக்கல், உலகில் விளையும் அரிசியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் நாடுகளுக்கிடையே விற்பனையாகிறது. மீதி விளைந்த நாட்டிலேயே சாப்பிடப்படுகிறது. இவ்வளவு மெல்லிய சந்தையில் ஒரு பெரிய நாடு கதவைச் சாத்தினாலே எல்லா இடத்திலும் நடுக்கம். 2007-08-ல் உலக விளைச்சல் மோசமில்லை. ஆனால் இந்தியா, வியட்நாம் போன்ற நாடுகள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின, பிலிப்பைன்ஸ் பதறியடித்து வாங்கியது. 2008 தொடக்கத்தில் டன்னுக்குச் சுமார் 400 டாலராக இருந்த தாய்லாந்து அரிசி சில மாதங்களில் 1,000 டாலரைத் தொட்டது. ஜப்பான் தன்னிடம் தேங்கியிருந்த இறக்குமதி அரிசியை வெளியே விடக்கூடும் என்ற செய்தி வந்ததுமே விலை இறங்கத் தொடங்கியது. பயத்தால் ஏறிய விலை அது. அந்த மாதங்களில் அரிசி வாங்கிச் சாப்பிட்ட நெல் விவசாயக் குடும்பங்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. அவர்களுடைய அறுவடை எப்போதோ மலிவான விலைக்குக் கைமாறியிருந்தது.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. விட்டு விட்டுக் காயவைத்துப் பாய்ச்சினால் விளைச்சல் குறையாமல் தண்ணீர் மிச்சமாகும், வயலிலிருந்து கிளம்பி பூமியைச் சூடேற்றும் மீத்தேன் வாயுவும் பாதியளவு குறையலாம். ஆனால் வாய்க்கால் பாசனத்தில் ஏக்கருக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டுபவருக்குத் தண்ணீரைச் சேமித்து ஒரு பைசா லாபமில்லை. டீசல் ஊற்றி மோட்டார் ஓட்டுபவர் உடனே கேட்டுக்கொள்கிறார், அவருக்கு மிச்சம் கண்ணெதிரே தெரிகிறது.

பல நாடுகளில் நெல் குடும்பங்களின் வருமானத்தில் பெரும்பகுதி இப்போது வயலுக்கு வெளியிலிருந்து வருகிறது. கட்டட வேலை, ஆலை வேலை, வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம். அந்தப் பணம்தான் உரம் வாங்குகிறது, அறுவடையின்போது அவசரமாக விற்காமல் காத்திருக்க வைக்கிறது. ஆண்கள் வெளியே போக, நாற்று முதல் களம் வரை பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் பட்டாவில் ஆணின் பெயர்தான் இருக்கிறது. பட்டா இல்லாததால் வங்கிக் கடன் அவர்களுக்குக் கிடைப்பதில்லை, பயிர்க் காப்பீடும் வெள்ள நிவாரணமும் நிலத்தின் பெயருக்குரியவருக்கே போகின்றன. விதைப்புக்குப் பணம் வேண்டுமென்றால் அந்தப் பெண்கள் நெல் வியாபாரியிடமே கடன் கேட்கிறார்கள், அறுவடை முடிந்ததும் அவர் சொல்லும் விலைக்கு நெல்லைப் போடுகிறார்கள்.